படத்திலுள்ள கையும் நமது கையும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் கையைப் பற்றிப் பேசப்போகிறேன். கைரேகையைப் பற்றி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்த ஊர்க் கடைத்தெருவில் நுழைகிற இடத்திலேயே ஒரு கைரேகை ஜோசியரின் பலகை தொங்குகிறது. அதில் விரல்களை விரித்தபடி ஒரு பெரிய கை எழுதியிருக்கிறது. இங்கு வரும் வழியில் நமது தலைவரவர்களைப் பார்த்து, "அந்தப் பலகையிலிருப்பது வலக்கையா, இடக்கையா?" என்று கேட்டேன். அவர் தினந்தோறும் அந்த வழியாய்ப் போகிறவர். ஆனாலும் சற்று யோசித்தார். வாயிலிருந்து பதில் வருவதற்கு முன்பே, அவருடைய வலது கை மேல்துண்டுக்குள்ளிருந்து கொஞ்சம் எழும்பித் திரும்பிற்று. அதன் பிறகுதான் பதில் வந்தது. "ஏன் கையைத் தூக்கினீர்கள்?" என்று கேட்டேன். "நான் எங்கே தூக்கினேன்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். (சிரிப்பு)

தலைவரவர்கள் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது. இன்று நான் பேசவந்த சங்கதி முழுவதும் அந்த ஒரு நிமிஷத்திற்குள் அடங்கியிருக்கிறது. ஒரு கையின் படத்தைப் பார்த்து அது வலதா இடதா என்று சொல்லுவதற்கு, நம்முடைய மூளை நம்முடைய சொந்தக் கையையே இரகசியமாய் அசைத்துப் பார்க்கிறது. வெளியில் கை அசையாமலிருக்கலாம், உள்ளே அசைகிறது. அப்படி அசைவது நமக்கே தெரிவதில்லை.

இதை நான் சொல்வதால் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைச் சொல்லுகிறேன். பிறகு நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

கடிகாரம் சொன்ன சாட்சி

மனதிற்குள் நடப்பதை எப்படி அளப்பது? மனதைத் திறந்து பார்க்க முடியாது. ஒருவனைக் கேட்டாலோ, நம்முடைய தலைவரவர்கள் சொன்னது போலத்தான் பதில் வரும். ஆகையால் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு எளிய வழியைப் பிடித்தார்கள். கேள்விக்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தால் அளந்தார்கள்.

1971-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ரோஜர் ஷெப்பர்ட், ஜாக்குலின் மெட்ஸ்லர் என்கின்ற இருவர் ஒரு சோதனையைப் பிரசுரித்தார்கள். சிறு கட்டைகளை ஒட்டிச் செய்தாற்போன்ற உருவங்களின் படங்கள், இரண்டிரண்டாகக் காட்டப்பட்டன. இரண்டும் ஒரே உருவமா, அல்லது ஒன்று மற்றொன்றின் கண்ணாடி நிழலா என்று சொல்லவேண்டும். ஒரு படம் மற்றதைவிட எவ்வளவுக்கெவ்வளவு அதிகமாய்த் திரும்பியிருந்ததோ, அவ்வளவுக்கவ்வளவு பதிலும் தாமதமாயிற்று. கணக்குப் பார்த்தால், விநாடிக்குச் சுமார் 60 டிகிரி வீதம் மனதிற்குள் அந்த உருவத்தைச் சுழற்றிப் பார்ப்பதுபோல் நேரம் கூடிக்கொண்டே போயிற்று. பாதித் தூரம் திருப்ப ஒரு நேரம், முழுத் தூரம் திருப்ப அதைவிட அதிக நேரம். நிஜமான கட்டையை நிஜமான கையால் திருப்பினால் எப்படியோ அப்படியே.

அதன்பின் 1975-இல் லின் கூப்பர் என்பவரும் அதே ஷெப்பர்டும் கட்டைகளுக்குப் பதிலாகக் கையின் படங்களைக் காட்டினார்கள். உள்ளங்கை தெரியும் படம், புறங்கை தெரியும் படம், நேராக நிற்பது, சாய்ந்து கிடப்பது, தலைகீழாய்த் தொங்குவது என்று பலவிதம். வலதா இடதா என்பது மட்டுமே கேள்வி. படம் சாயச் சாயப் பதிலும் தாமதமாயிற்று.

இதுவரையில் ஒருவர் ஆட்சேபணை சொல்லலாம். "கட்டையைச் சுழற்றினாற்போலவே கைப்படத்தையும் மனதிற்குள் சுழற்றுகிறார்கள், இதில் சொந்தக் கை எங்கே வந்தது?" என்று கேட்கலாம். சரியான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல உங்களுடைய கையே எனக்கு வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

எல்லோரும் உங்கள் வலது கையை உள்ளங்கை கீழே இருக்கும்படி தொடையின்மேல் வையுங்கள். விரல்கள் முன்னால் நீட்டியிருக்கட்டும். இப்போது விரல்களை இடது பக்கமாய்த் திருப்புங்கள். நோவில்லாமல் திரும்புகிறது அல்லவா? சரி. இப்போது அதே அளவு வலது பக்கமாய்த் திருப்பிப் பாருங்கள். மணிக்கட்டு முறுக்கிக் கொள்கிறது. முழங்கை இடுப்பைத் தேடி ஓடுகிறது. எலும்பும் நரம்பும் அமைந்திருக்கும் விதத்தில் நம்முடைய கை உட்பக்கமாய் எளிதில் திரும்பும்; வெளிப்பக்கமாய்த் திரும்பக் கஷ்டப்படும்.

ஆனால் படத்திலுள்ள கைக்கு எலும்புமில்லை, நரம்புமில்லை. காகிதத்தை இடப்பக்கம் திருப்பினாலும் வலப்பக்கம் திருப்பினாலும் காகிதத்திற்கு வேலை ஒன்றே. மூளை வெறும் படத்தை மாத்திரம் சுழற்றுவதாயிருந்தால், விரல்கள் இடது பக்கம் காட்டும் வலக்கைப் படத்திற்கும், வலது பக்கம் காட்டும் வலக்கைப் படத்திற்கும் பதில் சொல்ல ஒரே நேரம்தான் ஆகவேண்டும்.

அப்படி ஆகவில்லை. 1982-இல் ஜப்பானைச் சேர்ந்த கவோரு செக்கியாமா இதைச் சோதித்தார். நம்முடைய கை எளிதாய்த் திரும்பக்கூடிய நிலையிலுள்ள படத்திற்குப் பதில் சீக்கிரம் வந்தது. கஷ்டமான நிலையிலுள்ள படத்திற்குத் தாமதமாயிற்று. வலக்கைப் படத்திற்கு ஒரு பக்கம் எளிது என்றால், இடக்கைப் படத்திற்கு அதற்கு நேரெதிர்ப் பக்கம் எளிதாயிருந்தது. 1987-இலும் 1994-இலும் லாரன்ஸ் பார்சன்ஸ் என்பவர் இன்னும் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். அவர் கைகளோடு கால்களின் படங்களையும் காட்டினார். படத்தைப் பார்த்துப் பதில் சொல்ல ஆகும் நேரம், அந்த நிலைக்குத் தன் கையை நிஜமாகவே கொண்டுபோக ஆகும் நேரத்திற்கேற்றபடி கூடியும் குறைந்தும் இருந்ததைக் கண்டார்.

தோழர்களே! காகிதத்திற்கு மூட்டுவலி கிடையாது. கஷ்டமான நிலைக்குப் பதில் தாமதமாகிறதென்றால், அந்தத் தாமதம் நம்முடைய மூட்டிலிருந்து வந்ததேயல்லாமல் வேறு எங்கிருந்து வரமுடியும்? கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தவனுடைய மூளை, கையினுடைய சட்டதிட்டங்களுக்குக் கட்டுப்பட்டு நடந்திருக்கிறது.

இன்னொரு சாட்சியும் உண்டு. 2007-ஆம் ஆண்டில் இத்தாலிய ஆராய்ச்சிக்காரர்கள் சிலரைக் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்லிப் படங்களைக் காட்டினார்கள். கைகளைத் தொடைமேல் வைத்திருந்தபோது இருந்ததைவிடக் கைப்படங்களுக்குப் பதில் சொல்ல அதிக நேரமாயிற்று. கண் அதே கண். படம் அதே படம். கை இருக்கும் இடம் மட்டும்தான் மாறிற்று.

"தெரியாவிட்டால் எந்தக் கையை அசைப்பது?"

இங்கே ஒரு தோழர் எழுந்து, "ஐயா, வலதா இடதா என்று தெரிந்த பிறகல்லவா அந்தக் கையை அசைக்க முடியும்? தெரிந்துவிட்டால் அசைத்துப் பார்ப்பானேன்?" என்று கேட்டால், அவரை நான் மெச்சுவேன். இந்தக் கேள்வியை ஆராய்ச்சிக்காரர்களும் கேட்டுக் கொண்டார்கள்.

பார்சன்ஸ் சொல்லும் விடை இது. படத்தைக் கண்டதும் மூளை முதலில் ஒரு ஊகம் செய்கிறது. இது வலக்கையாயிருக்கலாம் என்று எண்ணுகிறது. ஆனால் அத்துடன் நின்றுவிடுவதில்லை. தன் வலக்கையை உள்ளுக்குள் அந்த நிலைக்குக் கொண்டுபோய், பொருந்துகிறதா என்று சரிபார்க்கிறது. பொருந்தின பிறகே வாய் திறக்கிறது.

மூளையின் வலப்பாதி இடக்கையை ஆளுகிறது. இடப்பாதி வலக்கையை ஆளுகிறது. கடுமையான காக்காய் வலிப்பு நோய்க்காகச் சிலருக்கு இந்த இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கட்டை வைத்தியர்கள் அறுத்துவிட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நோயாளிகளிடம் பார்சன்ஸும் அவருடைய கூட்டாளிகளும் சோதித்து 1998-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு பாதியும், தான் ஆளுகிற கையின் படத்தை மட்டுமே சரியாய்ச் சொல்லிற்று. மற்றக் கையின் படத்தில் தடுமாறிற்று. தன்னிடம் ஓட்டிப்பார்க்கக் கை இல்லாதபோது மூளைக்குக் கண்மட்டும் போதவில்லை.

அதற்கு முன்பே, 1995-இல், மூளையில் எந்தெந்தப் பாகத்திற்கு இரத்தம் அதிகமாய் ஓடுகிறது என்று காட்டும் யந்திரத்தின் உதவியால் இதைப் படம் பிடித்துப் பார்த்திருந்தார்கள். கைப்படத்தைப் பார்த்தவர்களின் கைகள் அசையவில்லை. ஆனாலும் கையசைவுக்குத் திட்டம் போடுகிற பாகங்கள் மும்முரமாய் வேலை செய்து கொண்டிருந்தன.

இதனால் நமக்கென்ன?

நிற்க. "கைப்படம் வலதானாலென்ன, இடதானாலென்ன? இதனால் ஏழைக்கு ஒரு வேளைக் கஞ்சி கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்காக என் கண்ணால் கண்ட ஒரு சங்கதியைச் சொல்லுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு கூலித் தொழிலாளி. கரும்பு ஆட்டும் யந்திரத்தில் கரும்பை ஊட்டும்போது இடது கை உருளைக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்குமேல் எடுத்துவிட்டார்கள். புண் ஆறிற்று. ஆனால் அவர் இராத்திரியில் தூங்கவில்லை. "இல்லாத கை வலிக்கிறது, விரல்கள் மடங்கிக்கொண்டு நகம் உள்ளங்கையில் குத்துகிறது, விரிக்க முடியவில்லை" என்று அழுதார். வேலை கொடுத்தவர் இதைக் கேட்டு, "பணம் பறிக்க நடிக்கிறான்" என்றார். உறவினர்கள், வெட்டின கையை வாய்க்காலோரம் புதைத்தபோது விரல்களை விரிக்காமல் புதைத்துவிட்டதால் வந்த தோஷம் என்று அந்த இடத்தைத் தோண்டினார்கள். பிறகு ஒரு மந்திரவாதி வந்தார். கையின் ஆவி உடம்பைச் சுற்றுகிறது என்றார். அவர் மனைவியின் தாலிக்குண்டு அடகுக்குப் போயிற்று, வலி போகவில்லை.

நடிக்கிறான் என்றவரும் சரி, ஆவி என்றவரும் சரி, இருவரும் ஒரே தப்பைத்தான் செய்தார்கள். கை என்பது தோளிலிருந்து தொங்குவது மாத்திரம்தான் என்று இருவரும் நினைத்தார்கள். மூளைக்குள் ஒரு கை இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியாது. கரும்பு யந்திரம் வெளியிலுள்ள கையைத்தான் எடுத்தது. உள்ளே இருக்கும் கையை எந்த யந்திரத்தாலும் எடுக்க முடியாது. அது அசையப் பார்க்கிறது. அசைந்ததாகக் கண்ணும் சொல்வதில்லை, தோலும் சொல்வதில்லை. அந்தக் குழப்பத்தில் வலி பிறக்கிறது என்று ஒரு சாரார் கருதுகிறார்கள். வலிக்கு வேறு காரணங்கள் சொல்வோரும் உண்டு. ஆனால் வலி நிஜமானது என்பதிலும், அது நரம்பையும் மூளையையும் சேர்ந்தது என்பதிலும் வைத்தியர்களுக்குள் சண்டையில்லை.

இது புதிய நோயுமல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் செய்த வெயர் மிட்சல் 1871-இலேயே இதைப் பற்றி எழுதினார். அதற்கும் முன்னால், 1797-இல் வலது கையை இழந்த இங்கிலீஷ் கடற்படைத் தளபதி நெல்சன், இல்லாத கையில் உணர்ச்சி இருப்பதே ஆத்மா உண்டென்பதற்கு ருசு என்று சொன்னதாக ஒரு வரலாறு உண்டு. பெரிய தளபதிக்கும் எங்கள் ஊர் மந்திரவாதிக்கும் இந்த விஷயத்தில் அதிக வித்தியாசமில்லை. (சிரிப்பு) தெரியாத இடத்திலெல்லாம் ஆத்மாவை வைத்துத் தைத்துவிடுவது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம்.

படத்தால் வைத்தியம்

இப்போது கைப்படத்திற்கு வருவோம். ஒரு கையில் தீராத வலி உள்ளவர்களுக்கு இந்தப் படங்களைக் காட்டி 2001-இல் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. வலியுள்ள கையின் படம் வந்தபோது, அதிலும் கையை வெகுதூரம் திருப்பவேண்டிய படம் வந்தபோது, அவர்கள் பதில் சொல்லத் தாமதித்தார்கள். கையை யாரும் தொடவில்லை, அவர்களும் அசைக்கவில்லை. வலிக்கும் கையை ஜாக்கிரதையாக அசைப்பதுபோலவே மூளை அதை உள்ளேயும் ஜாக்கிரதையாக அசைத்திருக்கிறது. வலி என்பது நடிப்பென்று சொல்லும் முதலாளிமார் இந்தச் சங்கதியைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் உள்ளே இருக்கும் கையையே பழக்கிச் சரிப்படுத்த முடியுமா? ஆஸ்திரேலிய நாட்டு லோரிமர் மோஸ்லி இதற்கு ஒரு முறை வகுத்தார். முதலில் இரண்டு வாரம் கைப்படங்களைப் பார்த்து வலதா இடதா என்று சொல்லிப் பழகவேண்டும். அடுத்த இரண்டு வாரம் கையை அசைப்பதாகக் கற்பனை செய்யவேண்டும். அதற்கடுத்த இரண்டு வாரம் கண்ணாடியை வைத்துக்கொண்டு அசைத்துப் பழகவேண்டும். மணிக்கட்டு முறிந்தபின் நீண்டநாள் வலியால் அவதிப்பட்ட 13 பேர்களிடம் சோதித்து, வலி குறைந்ததென்று 2004-இல் வெளியிட்டார். 2006-இல் கை கால் இழந்தவர்களும் அடங்கிய 51 பேர்களிடம் செய்த சோதனையிலும் பலன் தெரிந்தது.

அந்தக் கண்ணாடி முறையை நாடறியச் செய்தவர் நம் நாட்டவர். தமிழ்நாட்டில் 1951-இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவுக்குப் போன டாக்டர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990-களில் செய்த காரியம் அது. ஒரு பெட்டியின் நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை அதன் முன்னால் வைக்கச் செய்தார். கண்ணாடியில் தெரியும் நிழல், இழந்த கை இருக்கவேண்டிய இடத்தில் தெரியும். நல்ல கையை மூடித் திறந்தால், இல்லாத கை மூடித் திறப்பதாய்க் கண்ணுக்குத் தோன்றும். வருஷக் கணக்காய் மடங்கிக் கிடந்த விரல்கள் விரிந்துவிட்டதாகச் சில நோயாளிகள் சொன்னார்கள். மந்திரமில்லை, தகடில்லை. நிலைக்கண்ணாடியும் ஒரு மரப்பெட்டியும்தான் செலவு.

ஆனால் ஒன்று சொல்லாமல் விட்டால் நானும் மந்திரவாதி கூட்டத்தில் சேர்ந்தவனாவேன். இந்த வைத்தியம் எல்லோருக்கும் பலிப்பதில்லை. இங்கிலாந்தில் இரண்டு வைத்திய சாலைகளில் படப்பயிற்சி முறையைச் செய்து பார்த்தபோது எதிர்பார்த்தபடி வலி குறையவில்லை என்று 2012-இல் வெளியிட்டார்கள். வெளியிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். பலிக்காததை எந்த மந்திரவாதியாவது என்றைக்காவது நோட்டீஸ் போட்டு அறிவித்ததுண்டா? பலிக்காவிட்டால் உன் கிரகம் சரியில்லை என்பார். பரிகாரத்திற்கு இன்னொரு கூலி கேட்பார். விஞ்ஞானி தன் தோல்வியையும் அச்சில் போடுகிறார். நம்பவேண்டியது யாரை என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

அதுபோலவே, "மனதால் நினைத்தால் எல்லாம் நடக்கும், நினைப்பினாலேயே சகல வியாதியும் தீரும்" என்று வியாபாரம் செய்கிறவர்கள் நாளைக்கு இந்த ஆராய்ச்சியையும் தங்கள் கடைக்கு விளம்பரமாக்கக் கூடும். இந்தச் சோதனைகள் காட்டுவது நேர்மாறான விஷயம். நினைப்பு இஷ்டம்போல் பறப்பதில்லை. வெறும் நினைப்பில் கையைத் திருப்பும்போதுகூட மணிக்கட்டு எவ்வளவு தூரம் திரும்புமோ அதற்குக் கட்டுப்பட்டே திருப்புகிறது.

முடிவாக

உடல் வேறு, மனம் வேறு. மனம் எஜமான், உடல் வேலையாள் என்று நமக்கு வெகுகாலமாய்ச் சொல்லி வந்திருக்கிறார்கள். அதை ஒட்டியே, நினைக்கிறவன் மேலானவன், கையால் வேலை செய்கிறவன் கீழானவன் என்றும் சொல்லி வந்தார்கள். ஒரு கையின் படம் வலதா இடதா என்கிற அற்பக் கேள்விக்குக்கூட, நினைக்கிறவனுடைய மூளை கையின் உதவியைக் கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்லுகிறது என்பதை மட்டும் இன்று நினைவில் வைத்துக்கொண்டு போங்கள்.

வீட்டிற்குப் போனதும் ஒரு காகிதத்தில் கையை வைத்து வரைந்து, பல பக்கமாய்த் திருப்பிப் பிள்ளைகளிடம் காட்டிப் பாருங்கள். எந்தப் படத்திற்குத் தடுமாறுகிறார்கள், எப்போது அவர்கள் விரல் தானாக அசைகிறது என்று கவனியுங்கள். நான் சொன்னது தவறாயிருந்தால் அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள், திருத்திக் கொள்ளுகிறேன்.

கை இழந்த ஒருவர் உங்கள் தெருவில் இருந்து, இல்லாத கை வலிக்கிறது என்று சொன்னால், சிரிக்காதீர்கள், மந்திரவாதியிடம் அனுப்பாதீர்கள். "நீர் சொல்வது உண்மை, உம்மைப்போல் அநேகர் இருக்கிறார்கள், நரம்பு வைத்தியரிடம் போவோம், வாரும்" என்று சொல்லிக் கூடவே போங்கள். எங்கள் ஊர்த் தோழருக்கு அதைச் சொல்ல அன்று யாருமில்லை. எனக்கும் அன்று இது தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு சொல்லாமலிருப்பது குற்றமென்று கருதியே இன்று உங்கள் முன் வந்தேன்.